சாப்பாட்டு அறைக்கு அலமாரியும் பரிமாறும் மேடையும்: அளவெடுப்பதில் தொடங்கி அடுக்கி முடிப்பது வரை

புது வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் முதலில் டைனிங் டேபிளை வாங்குகிறார்கள். அடுத்த வாரம் கடையில் கண்ணைப் பறித்த ஒரு கண்ணாடி அலமாரி வந்து இறங்குகிறது. ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் அந்த அலமாரிக்குள் யாரும் தொடாத டீ செட் உட்கார்ந்திருக்கும். தினமும் புழங்கும் தட்டு, தம்ளர், ஊறுகாய் ஜாடி, நெய்க்கிண்ணம் எல்லாம் மேசையில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும். எங்கள் வீட்டில் இப்படித்தான் நடந்தது. பிறகு அக்கா வீட்டுக்கும் இரண்டு நண்பர்கள் வீட்டுக்கும் அளவெடுத்துக் கொடுக்கப் போனபோது எல்லோரும் இடறுகிற இடம் ஒன்றுதான் என்று புரிந்தது. சாமானை வாங்கிவிட்டு அதற்குள் பொருளை நுழைக்கப் பார்க்கிறோம்.

சரியான வரிசை பொருள், இடம், கடைசியாக மரச்சாமான். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன, மாற்றிச் செய்யாதீர்கள். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே சாப்பிடும் இடம் அமைந்த நம்மூர் அடுக்குமாடி வீட்டை மனதில் வைத்து எழுதுகிறேன். தனி வீட்டுக்கும் இதே கணக்குதான், இடம் மட்டும் கொஞ்சம் தாராளமாக இருக்கும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

5 மீட்டர் அளவு டேப், பென்சில், நோட்டு, பழைய செய்தித்தாள், பெயின்டர்கள் சுவர் ஓரத்தில் ஒட்டும் காகித டேப் ஒரு சுருள். இவற்றோடு, வீட்டில் அதிகம் பரிமாறுகிறவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அவர் கை எங்கே எட்டுகிறது, எந்தக் கையில் கரண்டி இருக்கிறது என்பதையெல்லாம் பார்க்காமல் எடுத்த அளவை நான் இரண்டு முறை திரும்ப எடுத்திருக்கிறேன்.

1. மூன்று நாள் சாப்பாட்டைக் கவனித்து எழுதுங்கள்

மூன்று நாளில் ஒன்று ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும். சமையலறையிலிருந்து மேசைக்கு என்னென்ன வருகிறது, சாப்பிட்டு முடித்ததும் எது எங்கே திரும்பிப் போகிறது என்று ஒன்றுவிடாமல் எழுதுங்கள். சாப்பாட்டின் நடுவில் யாராவது எழுந்தால் எதற்காக எழுந்தார்கள் என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கடைசிக் குறிப்புதான் முக்கியம். எங்கள் வீட்டில் ஒரு மதியச் சாப்பாட்டில் அம்மா நான்கு முறை எழுந்தார். ஒருமுறை தண்ணீருக்கு, ஒருமுறை நெய்க்கு, தயிருக்கு வேறு கரண்டி எடுக்க, கடைசியாக அப்பள டப்பாவுக்கு. இந்த நான்கும் உட்கார்ந்த இடத்திலிருந்து எட்டும் தூரத்தில் இருந்திருந்தால் அவர் முழுச் சாப்பாட்டையும் சூடாகச் சாப்பிட்டிருப்பார். வாங்கப் போகும் சாமான் முதலில் செய்ய வேண்டிய வேலை இது.

பிறகு பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள்: தினம் வேண்டியது, விருந்தாளி வந்தால் வேண்டியது, வருஷத்துக்கு ஓரிரு முறை எடுப்பது. மூன்றாவது பட்டியலை இப்போதே சாப்பாட்டு அறையிலிருந்து விலக்கிவிடுங்கள். சாம்பார் வாளி, பந்திக் கரண்டி, பெரிய அண்டா எல்லாம் பரணுக்குப் போகலாம். அந்தப் பட்டியலுக்கும் சேர்த்து இடம் தேடுவதால்தான் பலர் ஏழடி உயர அலமாரி வாங்கி அறையை இருட்டாக்கிக்கொள்கிறார்கள்.

2. பொருள்களை அளந்து எழுதுங்கள்

அலமாரியின் ஆழத்தை முடிவு செய்வது உங்கள் வீட்டிலேயே பெரிய தட்டு. பீங்கான் டின்னர் தட்டு பெரும்பாலும் பத்தரை, பதினொரு அங்குலம் இருக்கும். எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டு பன்னிரண்டு அங்குலம் வரை போகும், குழி பிரித்த தட்டு அதைவிடவும் பெரிதாக இருக்கலாம். விளிம்பிலிருந்து விளிம்பு வரை டேப்பை வைத்து அளங்கள், கண்ணால் பார்த்து எழுத வேண்டாம்.

இங்கே எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. அலமாரியின் வெளி அளவைக் கேட்டுவிட்டு வாங்கிவிடுவார்கள். வெளியே 13 அங்குல ஆழம் என்றால் கதவின் கனமும் முதுகுப் பலகையும் போக உள்ளே 12 அங்குலம்தான் கிடைக்கும். 12 அங்குலத் தட்டு அதற்குள் சரியாக உட்காரும் என்று தோன்றும். ஆனால் தட்டுக்கும் கதவுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளியாவது வேண்டும், இல்லாவிட்டால் கதவு முழுதாக மூடாது. எங்கள் முதல் அலமாரி அப்படித்தான் இரண்டு வருஷம் வாய் பிளந்தபடி நின்றது. 12 அங்குலத் தட்டுக்கு வெளி ஆழம் 15 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள், நிம்மதி.

உயரத்துக்கு மூன்று பொருள் போதும்: அதிகம் புழங்கும் தம்ளர், தண்ணீர் ஜக்கு, ஹாட்பாக்ஸ். ஒவ்வொன்றின் உயரத்தோடும் இரண்டு அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள். கையை நுழைத்துத் தூக்கி எடுக்க அந்த இரண்டு அங்குலம் வேண்டும். ஜக்கை மூடியோடு, ஹாட்பாக்ஸை அதன் கைப்பிடியோடு அளங்கள்.

எடையையும் கொஞ்சம் யோசியுங்கள். பீங்கான் தட்டு ஒன்று அரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். பன்னிரண்டு தட்டும் அதே எண்ணிக்கையில் கிண்ணமும் ஒரே பலகையில் ஏறினால் பத்துக் கிலோவைத் தாண்டிவிடும். பித்தளை, வெண்கலம் வைக்கிறவர்கள் இன்னும் கூடுதலாகக் கணக்குப் போட வேண்டும். பலகை நடுவில் தொய்வது ஒரே நாளில் நடக்காது. ஆறு மாதத்தில் மெல்ல வளைந்து, கதவு உராயத் தொடங்கும்போதுதான் கண்ணில் படும்.

3. அறையின் தடைகளைக் குறியுங்கள்

சுவர் நீளத்தை மட்டும் அளந்தால் போதாது. நோட்டில் அறையைக் கட்டமாக வரைந்துகொண்டு, இவை எங்கெங்கே இருக்கின்றன என்று குறியுங்கள்: கை கழுவும் பேசின், ஃபிரிட்ஜ், சுவிட்ச் போர்டுகள், கதவுகள் திறக்கும் பக்கம், ஜன்னல், தரையோரம் ஓடும் டைல்ஸ் பட்டை.

பேசினைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் அது பெரும்பாலும் சாப்பிடும் இடத்திலேயே இருக்கிறது. கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீர் பக்கவாட்டில் ஒன்றரை அடி வரை போகும். அலமாரியைப் பேசினுக்கு ஒட்டி வைத்தால் அதன் பக்கப் பலகையின் அடிமுனை முதலில் உப்பும், அப்புறம் மேலே ஒட்டிய லேமினேட் உரியத் தொடங்கும். இரண்டடி தள்ளி வையுங்கள். இடமே இல்லையென்றால் அந்தப் பக்கத்துக்கு மட்டும் டைல்ஸோ கிரானைட்டோ ஒட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது சுவரின் மறுபக்கம். அந்தச் சுவருக்குப் பின்னால் குளியலறை இருந்தால், மழைக்காலம் முடிந்த கையோடு அதில் ஈரக்கறை இருக்கிறதா, பெயின்ட் உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். ஈரம் கசியும் சுவரில் எவ்வளவு நல்ல பிளைவுட் வைத்தாலும் முதுகுப் பக்கம் பூஞ்சை பிடிக்கும், தட்டில் மக்கிய வாடை ஏறும். முதலில் கசிவை நிறுத்துங்கள், அலமாரி காத்திருக்கட்டும்.

ஃபிரிட்ஜுக்குப் பக்கவாட்டிலும் பின்னாலும் காற்றோட்டம் விட வேண்டும். எவ்வளவு விட வேண்டும் என்பது அதோடு வந்த கையேட்டில் இருக்கும். இடத்தை மிச்சம் பிடிக்க அலமாரியை அதோடு ஒட்டி நிறுத்தினால் ஃபிரிட்ஜ் தேவைக்கு மேல் ஓடும், அலமாரியின் அந்தப் பக்கமும் எப்போதும் சூடாக இருக்கும்.

4. செய்தித்தாள் விரித்து ஒரு வாரம் நடந்து பாருங்கள்

இந்தப் படியைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். நான் யாருக்கு அளவெடுத்தாலும் இதைச் செய்யாமல் விடுவதில்லை.

அலமாரி நிற்கப்போகும் இடத்தின் நீளம், ஆழம் இரண்டையும் தரையில் காகித டேப்பால் கட்டமாக ஒட்டுங்கள். அதற்குள் செய்தித்தாளை விரித்துவிடுங்கள். அந்த இடத்தில் சுவர் இருப்பதாக நினைத்துக்கொண்டு வீட்டில் எல்லோரும் ஒரு வாரம் நடமாட வேண்டும், யாரும் தாளை மிதிக்கக் கூடாது.

கணக்கு இதுதான். ஒருவர் நாற்காலியில் சாப்பிட உட்கார்ந்தால் மேசை விளிம்பிலிருந்து ஏறத்தாழ 20 அங்குலம் பின்னால் வருகிறது. எழும்போது 30 அங்குலம் வரை தள்ளுவார். அவர் உட்கார்ந்திருக்கும்போது பின்னால் அலமாரிக் கதவு திறக்க வேண்டும் என்றால் கதவின் அகலமான 15 அங்குலத்தையும் கூட்டுங்கள், கதவைத் திறக்கிறவர் நிற்கவும் இடம் விடுங்கள். அதனால் மேசை விளிம்புக்கும் அலமாரி முகப்புக்கும் நடுவே குறைந்தது 3 அடி, முடிந்தால் 4 அடி. 3 அடிக்கும் குறைவாகக் கிடைக்கிற வீடுகளில் தள்ளுகதவு போடுவது நல்லது. தள்ளுகதவில் ஒரு நேரத்தில் பாதி அலமாரிதான் திறக்கும். அந்தக் குறையை ஏற்றுக்கொள்ளலாம், சாப்பிடுகிறவரின் தலையில் கதவு இடிப்பதை ஏற்றுக்கொள்ள முடியாது.

அக்கா வீட்டில் மூன்றாம் நாளே தாள் கிழிந்துவிட்டது. பால்கனிக்குத் துணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு போகும் வழி அது என்பது அதுவரை யாருக்கும் உறைக்கவில்லை. ஐந்தடி நீளத்தில் திட்டமிட்ட அலமாரியை நாலடியாக்கி எதிர்ச் சுவருக்கு மாற்றினோம்.

5. எந்த வகை என்று இப்போது முடிவெடுங்கள்

இடுப்பளவு உயரமுள்ள நீளமான அலமாரி. இதைக் கடைகளில் சைடுபோர்டு என்பார்கள். கீழே தட்டுகள், மேலே பரிமாறும் மேடை என்று இரண்டு வேலையும் செய்யும். பெரும்பாலான வீடுகளுக்கு நான் சொல்வது இதைத்தான். சாதம், குழம்பு, கூட்டு, அப்பளம் எல்லாம் மேடைக்குப் போய்விட்டால் நான்கு பேர் மேசையிலேயே ஆறு தட்டு போடலாம்.

உயரமான கண்ணாடி அலமாரி. கிராக்கரி யூனிட் என்று கேட்டால் இதைக் காட்டுவார்கள். சுவர் நீளம் குறைவாகவும் பாத்திரம் அதிகமாகவும் இருந்தால் மட்டும் வாங்குங்கள். இதில் பரிமாறும் மேடை கிடைக்காது. நடுவில் ஒன்றரை அடி திறந்த பகுதி விட்டுச் செய்தால் ஓரளவு கிடைக்கும்.

சக்கரம் வைத்த டிராலி. வாடகை வீட்டுக்கு இதைவிட நல்ல சாமான் கிடையாது. வீடு மாறினால் கூடவே வந்துவிடும். இரண்டு இடங்களில் ஏமாறாமல் இருக்க வேண்டும். சமையலறை வாசலில் நிலைப்படி இருந்தால் சின்னச் சக்கரம் அதில் இடித்து ரசம் சிந்தும், 3 அங்குலச் சக்கரமாவது வேண்டும். நான்கில் இரண்டு சக்கரங்களுக்குப் பிரேக் இருக்க வேண்டும். டிராலித் தட்டின் விளிம்பில் ஓரங்குலத் தடுப்புக் கம்பி இருந்தால் தம்ளர் சரியாது.

சுவரில் தொங்கும் கப்போர்டு. தரை இடமே இல்லாதவர்களுக்கு. எடை குறைந்த தம்ளர், கிண்ணம் போன்றவற்றுக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

பழைய தேக்கு அலமாரி. காரைக்குடிப் பழைய சாமான் கடைகளிலும் இடிக்கும் வீடுகளிலும் நல்லது கிடைக்கும். ஆனால் அந்தக் காலத்தில் வேறு உபயோகத்துக்குச் செய்தவையாக இருக்கலாம். ஆழத்தை அளக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

6. உயரம், ஆழம், நீளம்

டைனிங் டேபிள் உயரம் ஏறத்தாழ 30 அங்குலம். பரிமாறும் மேடை அதைவிட 4 முதல் 6 அங்குலம் உயரமாக, 34 முதல் 36 அங்குலம் வரை இருக்க வேண்டும். காரணம் எளிது. மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம், மேடையில் நின்றுகொண்டு பரிமாறுகிறோம். மேசை உயரத்திலேயே மேடை இருந்தால் ஒவ்வொரு கரண்டிக்கும் குனிய வேண்டும். அதிகம் பரிமாறுகிறவரை நிற்கவைத்து, முழங்கையை மடக்கச் சொல்லிப் பாருங்கள். முழங்கைக்கு நாலைந்து அங்குலம் கீழே மேடை வந்தால் சரி.

ஆழம் 15 முதல் 18 அங்குலம். 18க்கு மேல் போனால் பின்வரிசைப் பொருளை எடுக்க முன்வரிசை முழுவதையும் இறக்க வேண்டும். நாளடைவில் பின்வரிசை மறந்தே போகும்.

நீளத்துக்குச் சமையலை வைத்துக் கணக்கிடுங்கள். சாதம், சாம்பார், ரசம், பொரியல், தயிர் என்று ஐந்து பாத்திரம் வரிசையாக நிற்க, ஒவ்வொன்றுக்கும் 9 அங்குலம் வைத்தாலே 45 அங்குலம் ஆகிவிடும். அதனால் நாலடிக்குக் குறைந்த மேடையில் முழுச் சாப்பாடு நிற்காது.

கால் 5 அல்லது 6 அங்குலம் உயரம் இருக்கட்டும். துடைப்பமும் மாப்பும் அடியில் போகும். தரை துடைக்கும் தண்ணீர் மரத்தைத் தொடாது, கரையான் ஏறினாலும் உடனே கண்ணில் படும். தரையோடு ஒட்டிய அலமாரி அழகாக இருக்கும் என்று சொல்வார்கள். அடியில் என்ன நடக்கிறது என்று தெரியாத சாமானைச் சாப்பாட்டு அறையில் நான் வைக்க மாட்டேன்.

7. உள்ளே என்ன எங்கே

முழங்காலுக்கும் தோளுக்கும் நடுவே உள்ள உயரம்தான் விலை மதிப்புள்ள இடம். தினப் பட்டியல் முழுவதும் அங்கே வர வேண்டும். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் வீட்டில் இருந்தால் இதில் எந்தச் சமரசமும் வேண்டாம். தட்டை எடுக்கக் குனிய வேண்டியிருக்கிறதே என்பதற்காக அப்பா தினமும் யாரையாவது கூப்பிட்டுக் காத்திருந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு இது உறைத்தது. இப்போது அவர் தட்டு இடுப்பு உயரத்தில் இருக்கிறது. அவரே எடுத்துக்கொள்கிறார்.

கரண்டி, ஸ்பூன், கத்தி, மேசைவிரிப்புக்கு டிராயர் போதும். டிராயரை மேல் வரிசையில் வையுங்கள். டிராயர் ஓடும் சேனல் இரண்டு பக்கமும் அரை அரை அங்குலம் எடுத்துக்கொள்ளும், பெட்டியின் பலகைக் கனமும் உண்டு. 18 அங்குல அகலம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் டிராயருக்குள் 16 அங்குலம் கிடைத்தால் பெரிது. ஸ்பூன் தட்டை அதற்கேற்ப வாங்குங்கள்.

தட்டு, கிண்ணத்துக்கு நிலையான பலகை வேண்டாம். பக்கப் பலகையில் வரிசையாகத் துளையிட்டு, முளை செருகி உயரம் மாற்றிக்கொள்ளும் பலகை கேளுங்கள். ஹாட்பாக்ஸ் மாறும், ஜக்கு மாறும், பலகையும் அதற்கேற்ப ஏறி இறங்க வேண்டும். 18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகையை இரண்டரை அடிக்கு மேல் தாங்கலில்லாமல் விடாதீர்கள். மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டாக இருந்தால் இரண்டடியோடு நிறுத்துங்கள். கண்ணாடிப் பலகைதான் வேண்டுமென்றால் 8 மில்லிமீட்டர் டஃபன்டு (சூடாக்கி உறுதியாக்கிய) கண்ணாடி. அதிலும் தம்ளரும் கோப்பையும்தான், பித்தளையை ஏற்ற வேண்டாம்.

கைப்பிடியைப் பற்றிக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். நாம் கையால் பிசைந்து சாப்பிடுகிறவர்கள். சாப்பாட்டின் நடுவில் எழுந்து ஒரு டிராயரைத் திறக்க வேண்டுமென்றால் வலது கை சாம்பாரில் இருக்கிறது, இடது கையில் பெரும்பாலும் தம்ளரோ கரண்டியோ இருக்கும். சுண்டுவிரலை நுழைத்தே இழுக்கக்கூடிய வளைந்த கைப்பிடிதான் அப்போது உதவும். அழுத்தினால் திறக்கும் கதவு பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அழுத்த ஒரு சுத்தமான கை வேண்டும். மஞ்சள் கறை படிந்த அந்தக் கதவுகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

நெய், ஊறுகாய், பருப்புப்பொடி, உப்பு இவற்றுக்குக் கதவே வேண்டாம். மேடைக்கு அடியில் ஒரு சாண் உயரத்துக்குத் திறந்த தட்டு விட்டால் கையை நீட்டினால் வந்துவிடும். ஊறுகாய் ஜாடிக்கு அடியில் ஒரு சின்ன எவர்சில்வர் தட்டு வையுங்கள், எண்ணெய் மரத்தில் இறங்காது.

8. மேல்பலகையும் பிளக்கும்

மேடையில் சூடான பாத்திரம் வரும், புளி சிந்தும், மஞ்சள் தெறிக்கும். இந்த மூன்றையும் தாங்குவது கிரானைட். இடுப்பளவு அலமாரியின் மேல் கிரானைட் பலகை போடுவதற்குக் கொஞ்சம் கூடச் செலவானாலும் செய்யுங்கள். அந்த எடையைத் தாங்கும்படி பெட்டி செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மார்பிள் வேண்டாம். ரசமும் எலுமிச்சைச் சாறும் பட்ட இடம் பளபளப்பு போய் மங்கிவிடும், துடைத்தால் போகாது.

லேமினேட் என்றால் சொரசொரப்பான வெள்ளை நிறத்தைத் தவிருங்கள், மஞ்சள் அந்தச் சின்னக் குழிகளில் தங்கிவிடும். அடுப்பிலிருந்து இறக்கிய குக்கரை நேரே வைத்தால் ஒட்டிய பசை இளகி மேல்தாள் குமிழும். விளிம்புப் பட்டைதான் முதலில் பிரியும். எப்போதும் பிரிமணையோ மரத்தட்டோ வைக்கும் பழக்கம் வீட்டில் எல்லோருக்கும் வர வேண்டும். வராது என்று தெரிந்தால் கிரானைட்டுக்கே போய்விடுங்கள்.

மேடையில் இன்டக்ஷன் அடுப்பு வைத்து தோசை வார்க்கவோ கெட்டிலில் தண்ணீர் சுடவைக்கவோ எண்ணம் இருந்தால் அலமாரி வரும் முன்பே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். 2000 வாட் இன்டக்ஷன் அடுப்புக்கு 16 ஆம்பியர் பிளக் வேண்டும், சாதாரண 6 ஆம்பியர் பிளக் தாங்காது. பிளக் மேடைக்கு அரையடி மேலே வர வேண்டும். அலமாரி நின்ற பிறகு சுவரைக் கொத்துவது இரண்டு வேலையாகிவிடும்.

20 லிட்டர் தண்ணீர் கேன் வாங்குகிற வீடாக இருந்தால் அதற்கும் இடம் இப்போதே. நிறைந்த கேன் 20 கிலோவுக்குமேல் இருக்கும். அதை இடுப்பு உயர மேடையில் தூக்கி வைப்பது முதுகுக்கு ஆகாது. அலமாரிக்குப் பக்கத்தில் முழங்கால் உயர ஸ்டாண்டு வைத்து, தம்ளர்களை அதற்கு நேர் மேலே அடுக்குங்கள். மேடை மேலேயே கேனை வைத்தால் குழாய் சொட்டும் தண்ணீர் விளிம்பு வழியாக மரத்துக்குள் போகும்.

9. எந்த மரம், எந்தப் பலகை

தேக்கு, வேங்கை வாங்க முடிந்தவர்களுக்கு அதற்கு இணை இல்லை. மற்றவர்களுக்கு பிளைவுட். பலகையில் ஐஎஸ் (இந்தியத் தர எண்) முத்திரையைப் பாருங்கள். ஐஎஸ் 303 என்பது பொது உபயோக பிளைவுட், ஐஎஸ் 710 என்பது தண்ணீரை அதிகம் தாங்கும் மரைன் பிளைவுட். பேசின் பக்கம் வரும் பலகைக்கும் கால் பகுதிக்கும் 710 போட்டால் நல்லது, மற்ற இடத்தில் தண்ணீர் தாங்கும் தரத்தில் 303 போதும். முத்திரையைப் பலகை அறுபடும் முன் உங்கள் கண்ணால் பாருங்கள். லேமினேட் ஒட்டிய பிறகு எல்லாப் பலகையும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

ரெடிமேடாக விலை குறைத்து விற்பவை பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டு அல்லது எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை). தண்ணீர் படாத இடத்தில், எடை குறைந்த பொருளுக்கு அவை போதும். ஒருமுறை ஊறி உப்பினால் பழைய நிலைக்குத் திரும்பாது, கழன்ற கீலை அதே துளையில் மறுபடி முடுக்கவும் முடியாது. பிவிசி அலமாரியைக் கரையான் அரிக்காது, ஈரமும் அண்டாது. ஆனால் தட்டுகளின் எடைக்கு அதன் பலகை வளைந்துவிடுகிறது.

கடையில் பார்க்கும்போது டிராயரை முழுக்க வெளியே இழுத்து, மேலே கையை வைத்து அழுத்திப் பாருங்கள். அலமாரியின் முதுகுப் பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். முன்பக்கம் எல்லாக் கடையிலும் நன்றாகத்தான் இருக்கும். முதுகில் மெல்லிய அட்டையை ஊசி ஆணியால் அடித்திருந்தால் ஒரு வருஷத்தில் பெட்டி சாயும்.

10. ஆர்டர் கொடுக்கும்போது

ஆசாரியிடம் செய்யச் சொன்னால் பெரும்பாலும் முகப்பின் சதுர அடிக்கு விலை சொல்வார். அந்த விலையில் உள்பக்க லேமினேட், டிராயர் சேனல், கீல், கைப்பிடி, மேல்பலகை இவை அடக்கமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். சண்டை வருவது எப்போதும் இந்த ஐந்தில்தான். நீங்கள் வரைந்த படத்தில் வெளி அளவு, உள் அளவு இரண்டையும் தனித்தனியாகக் குறித்துக் கொடுங்கள். கூடவே உங்கள் வீட்டின் பெரிய தட்டு ஒன்றையும் அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அளவைவிட தட்டு நன்றாகப் பேசும்.

ரெடிமேட் வாங்குகிறவர்கள் லிஃப்டின் உள் உயரம், லிஃப்ட் கதவின் அகலம், மாடிப்படி திரும்பும் இடம், வீட்டு வாசல் நான்கையும் அளந்த பிறகே பணம் கட்டுங்கள். என் நண்பர் வீட்டுக்கு வந்த ஏழடி அலமாரி லிஃப்டில் நுழையவில்லை. படி திருப்பத்தில் சிக்கி, கடைசியில் தரைத்தளத்தில் இரண்டு நாள் கிடந்து கடைக்கே திரும்பிப் போனது. போக்குவரத்துச் செலவு அவருடையது.

11. வந்து இறங்கியதும்

காலியாக இருக்கும்போதே மட்டம் பாருங்கள். ஒரு தம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி மேடையில் வைத்தால் எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். மட்டமில்லாமல் நிற்கும் அலமாரியின் கதவு தானாகத் திறக்கும், எவ்வளவு கீல் திருகினாலும் சரிவராது. சுவருக்கும் முதுகுக்கும் நடுவே ஓர் அங்குலம் இடைவெளி விடுங்கள்.

நாலடிக்கு மேல் உயரமான எதையும் சுவரோடு பிணைக்காமல் விடாதீர்கள். குழந்தை டிராயரைப் பிடித்துத் தொங்கினால் முழு அலமாரியும் முன்னால் சரியும், உள்ளே இருப்பதோ கண்ணாடியும் பீங்கானும். வெள்ளை நிறத்தில் எடை குறைந்த ஏஏசி கற்களால் கட்டிய சுவராக இருந்தால் சாதாரண பிளாஸ்டிக் முளை பிடிக்காது, அதற்கென்று தனியாக விற்கும் முளையைக் கேட்டு வாங்குங்கள். துளையிடும்போது வெளியே வரும் தூள் நிறத்தைப் பார்த்தாலே எந்தச் சுவர் என்று தெரியும்: சிவப்பென்றால் செங்கல்.

இரண்டு மூன்று நாள் எல்லாக் கதவையும் திறந்துபோட்டு, பசை வாடை போன பிறகு அடுக்குங்கள். முதலில் தினப் பட்டியல், அதுவும் இடுப்பு உயரத்தில். அடுத்தது கீழே எடை மிகுந்தவை. விருந்தாளிப் பட்டியல் மேலே. கழுவிய தட்டை ஈரத்தோடு அடுக்காதீர்கள், பாதி அலமாரிகளுக்கு வாடை வருவது அதனால்தான். பலகையில் விரிக்கச் செய்தித்தாள் வேண்டாம், ஈரம் பட்டால் மை தட்டில் ஒட்டும், பூச்சியும் அடியில் தங்கும். வெட்டி விரிக்கும் ரப்பர் பாய் கடையில் கிடைக்கிறது, மாதம் ஒருமுறை கழுவிக்கொள்ளலாம்.

ஒரு மாதம் கழித்து, முதல் படியில் செய்ததுபோல ஒரு ஞாயிறு மதியச் சாப்பாட்டை மறுபடி கவனியுங்கள். யார் எத்தனை முறை எழுந்தார்கள், எதற்கு எழுந்தார்கள் என்று பழைய பக்கத்துக்கு எதிரே எழுதுங்கள். எங்கள் வீட்டில் நான்கு ஒன்றாகியிருந்தது. மிச்சமிருந்த ஒன்று தயிர்க் கரண்டி. தயிர் ஃபிரிட்ஜிலிருந்து வருவதால் அதன் கரண்டியை ஃபிரிட்ஜுக்கு அருகில் உள்ள டிராயருக்கு மாற்றினோம்.